கால் வலியைப் பயம் என்று நினைத்தோம்: பியொங்சாங் பனிச்சறுக்கில் பிள்ளைகளோடு மூன்று நாள்

சனிக்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்கு எங்கள் சின்னவள், ஐந்தரை வயது, தொடக்கநிலைச் சரிவின் அடிவாரத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு "எனக்கு ஸ்கீ பிடிக்கல, வீட்டுக்குப் போலாம்" என்று அழுதாள். அன்று காலையில்தான் அதே ரிசார்ட்டில் ரப்பர் டியூபில் உட்கார்ந்து 11 முறை சறுக்கி இறங்கி, 12ஆவது முறைக்கு அடம்பிடித்தவள். நான்கு மணி நேரத்துக்குள் ஒரு பிள்ளை இப்படி மாறினால் என்ன நினைப்போம்? உயரத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்றுதான் நாங்களும் முடிவுகட்டினோம். அவள் அப்பா சமாதானம் சொன்னார், நான் சாக்லேட் கொடுத்தேன், பயிற்சியாளர் கைபிடித்துத் தூக்கப் பார்த்தார், எதற்கும் அசையவில்லை.

பயமே இல்லை அது. என்ன என்று தெரிய மறுநாள் காலை வரை ஆனது. கொரியாவுக்குப் பனி பார்க்க வந்து போகும் நம் குடும்பங்கள் பலரிடம் "பிள்ளை பயந்துட்டான், கட்டின காசு வீண்" என்று கேட்டிருக்கிறேன். அவர்களுக்கும் உள்ளே இதே மாதிரி ஏதாவது நடந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் முழுசாக எழுதுகிறேன்.

நாங்களும் இடமும்

சியோலுக்குப் பக்கத்து நகரான சுவொனில் குடியேறி நான்கு வருடம் ஆகிறது. வீட்டுக்காரருக்கு இங்கே வேலை. பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவள் பாலர் பள்ளியில் படிக்கிறாள், இருவருக்கும் கொரிய மொழி எங்களைவிட நன்றாக வரும். சுவொனிலும் பனி விழும், ஆனால் தெருவில் மறுநாளே சேறும் உப்புத்தூளுமாகிவிடும். வெள்ளையாகவே இருக்கும் மலை ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை.

பக்கத்துப் பனிச்சறுக்கு ரிசார்ட் என்று பார்த்தால் கொன்ஜியாம் இருக்கிறது, ஹொங்சொனில் விவால்டி பார்க் இருக்கிறது, சியோலிலிருந்து கியொங்சுன் பாதை ரயிலிலேயே போய் இறங்கிவிடலாம் என்ற வசதிக்கு எலிசியன் காங்சொன் இருக்கிறது. காலையில் போய் ராத்திரி திரும்புகிறவர்களுக்கு இவை போதும். இன்னும் தள்ளிப் போனால் ஜொங்சொன் பக்கம் ஹைவன், ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த பகுதி. நாங்கள் இரண்டு இரவு தங்கலாம் என்று நினைத்ததால் காங்வொன் மாநிலத்தின் பியொங்சாங்கைப் பிடித்தோம். 2018 பிப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்த அதே ஊர். யோங்பியொங், அல்பென்சியா, பீனிக்ஸ் மூன்றும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. யோங்பியொங் 1975இல் திறந்தது, கொரியாவில் இன்றைய வகைப் பனிச்சறுக்கு ரிசார்ட்டுகளுக்கெல்லாம் மூத்தது. அல்பென்சியாவில் ஸ்கீ ஜம்ப் கோபுரம் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். இந்தியாவின் சிவ கேசவன் தன் ஆறாவது ஒலிம்பிக்கில் லூஜ் வண்டியில் படுத்து இறங்கிய தடமும் அங்கேதான் என்று சொன்னதும் பெரியவன் கார் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு தேடினான்.

ஊரிலிருந்து வயதான அப்பா அம்மாவை அழைத்து வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யோங்பியொங்கில் 1,458 மீட்டர் உயரமுள்ள பல்வாங்சான் மலையின் உச்சிப்பகுதிக்குக் கேபிள் கார் போகிறது, சறுக்கத் தெரியாதவர்களும் மூடிய பெட்டியில் சூடாக உட்கார்ந்துகொண்டு போய் வரலாம். பாட்டி தாத்தாவை அடிவாரத்து உணவுக்கூடத்தில் பைகளுக்குக் காவலாக உட்கார வைத்துவிட்டு நாம் மட்டும் மேலே போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரயிலில் வருவதானால் காங்னுங் பாதை கேடிஎக்ஸ் அதிவேக ரயில் சியோலிலிருந்து இந்த மாவட்டத்து ஜின்பு நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி வந்துவிடும். எங்களிடம் கார் இருந்ததால் வெள்ளிக்கிழமை மதியம் யொங்தொங் நெடுஞ்சாலையில் கிளம்பினோம். வழியில் ஓய்வு நிலையத்தில் வெண்ணெயில் புரட்டி உப்புத் தூவிய குட்டி உருளைக்கிழங்கு வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகள் அரை மணி நேரம் சத்தம் போட மாட்டார்கள். தேக்வல்யொங் மேட்டுக்கு ஏறும்போது காரின் வெப்பமானி ஒவ்வொரு டிகிரியாகக் கீழே போவதை இரண்டு பேரும் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார்கள். அந்த மேட்டு நிலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரம், ஜனவரிக் கடைசியில் காலை நேரத்தில் −14 எல்லாம் அங்கே சாதாரணம்.

அந்தப் பனி எப்படிப்பட்டது

இதைத் தெரிந்துகொண்டு போனால் பிள்ளைகளுக்கு ஏமாற்றம் குறையும். கொரியாவின் குளிர்காலம் வறண்டது. சைபீரியாவிலிருந்து வரும் காற்று கடுங்குளிரைக் கொண்டுவரும், ஈரத்தை அவ்வளவாகக் கொண்டுவராது. அதனால் சரிவுகளில் கிடக்கும் பனியில் பெரும்பகுதி ராத்திரி முழுக்க இயந்திரங்கள் தண்ணீரைத் தூவலாக அடித்து உறையவைப்பது. இந்தப் பனி இறுகினது, கனமானது. விழுந்தால் பஞ்சு மெத்தையில் விழுந்த மாதிரி இருக்காது, வலிக்கும். மாலையில் வெயில் இறங்கியதும் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, −14இல் பனி ஒட்டாது. வெள்ளிக்கிழமை ராத்திரி அறைக்குப் போகுமுன் வாசலில் இறங்கிய பிள்ளைகள் பனி உருண்டை பிடிக்கப் பார்த்து, அது மாவு போல விரலிடுக்கில் உதிர்ந்துபோனதும் திகைத்து நின்றார்கள். இங்கே கடைகளில் வாத்து வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் கிடுக்கி விற்பார்கள், பனியை அள்ளி அழுத்தினால் குட்டி வாத்து வரும், குளிர்காலத்தில் கொரியா முழுக்கச் சுவர் மேல் வரிசை வரிசையாகப் பனி வாத்துகள் உட்கார்ந்திருக்கும். அன்று ராத்திரி எங்களுக்குத் தலை இல்லாத வாத்துகள்தான் கிடைத்தன. ஞாயிறு மதியம் நல்ல வெயிலில்தான் முழு வாத்து வந்தது.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். சீசன் பொதுவாக நவம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் முதல் பாதி வரை போகும், ஆனால் தொடக்கத்தில் எல்லாச் சரிவும் திறந்திருக்காது, பனி இயந்திரங்களுக்குக் குளிர் போதாவிட்டால் ஒன்றிரண்டு தொடக்கநிலைச் சரிவுகள்தான். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும் என்பதால் டிசம்பர் முதல் பாதி மோசமில்லை. ஜனவரியில் எல்லாம் திறந்திருக்கும், கூடவே கொரியப் பள்ளி விடுமுறைக் கூட்டமும் இருக்கும். சந்திரப் புத்தாண்டு நாட்களில் வேண்டவே வேண்டாம்.

சனிக்கிழமை

முதல் தவறு வெள்ளிக்கிழமையே நடந்துவிட்டது. ரிசார்ட்டுக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் உபகரணம் வாடகைக்குத் தரும் கடைகள் ராத்திரியும் திறந்திருந்தன. களைப்பாக இருக்கிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டிப் போனோம். காலை எட்டரைக்கு அதே கடையில் முப்பது பேர் நின்றார்கள். கவுண்டரில் ஒரு பையன் உயரம், எடை, கால் அளவு மூன்றையும் கேட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தான். கொரியாவில் செருப்பு, பூட்ஸ் அளவெல்லாம் மில்லிமீட்டரில்தான். சின்னவளுக்கு 180 என்று தெரியும், ஆனால் தடிமனான சாக்ஸ் இரண்டு போட்டிருக்கிறாளே என்று நான் 190 கேட்டேன். அவன் கொடுத்தான். பூட்ஸை மாட்டி, கொக்கியை இழுத்து, "கெஞ்சனா?" என்று கேட்டான். சரியா இருக்கா என்று அர்த்தம். அவள் அப்போது எதைக் கேட்டாலும் சந்தோஷமாகத் தலையாட்டும் நிலையில் இருந்தாள். பின்னால் வரிசை தள்ளியது, கிளம்பிவிட்டோம்.

உடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். தெர்மல் என்கிற குளிர்கால உள்ளாடை மேலும் கீழும், அதன் மேல் ஒரு பருத்தி பேன்ட், அதன் மேல் வாடகை ஸ்கீ பேன்ட். குளிரக் கூடாதே என்று தெர்மலையும் பருத்தி பேன்ட்டையும் இழுத்து சாக்ஸுக்குள் செருகி, எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்ஸுக்குள் அடைத்தேன். தலைக்கு ஊரிலிருந்து அம்மா அனுப்பிய மங்கி குல்லா. ஹெல்மெட் அதன் மேல் உட்காரவில்லை, கழற்ற வேண்டியதாயிற்று. கழுத்துக்கு மட்டும் ஒரு துணிக் குழாய், தலைக்கு ஹெல்மெட், அது போதும். கையுறையும் காகிள்ஸும் பல கடைகளில் வாடகைக்குக் கிடைக்காது, வாங்கத்தான் வேண்டும். பெரியவனின் நண்பனுடைய அம்மா முன்கூட்டியே எச்சரித்திருந்தார், ஆளுக்கு இரண்டு ஜோடி கையுறை கொண்டு போ, ஒன்று கட்டாயம் நனையும் என்று. நான் ஒரு ஜோடி நீர் புகாத கையுறையும், இன்னொரு ஜோடி கம்பளிக் கையுறையும் எடுத்துவைத்தேன். கம்பளி பனியில் அரை மணி நேரம்கூடத் தாங்காது, பனி அதில் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு கையை உறையவைக்கும்.

காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை பனிச்சறுக்கு டியூப். நுன்சொல்மே என்பார்கள், நகரும் தளத்தில் ஏறி மேலே போய் டியூபில் உட்கார்ந்து இறங்குவது. இதற்கு ஸ்கீ பூட்ஸ் வேண்டாம், தன் சொந்தப் பூட்ஸிலேயே போனாள். அவ்வளவு சிரித்தாள். நானும் போனேன், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், ஒரே நாள்தான் வருகிறோம் என்றால், இதை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்கீயை விட்டுவிடலாம். யாருக்கும் எதுவும் குறைந்துபோகாது.

ஒரு மணிக்கு உணவுக்கூடத்தில் இடம் தேடவே இருபது நிமிடம் ஆனது. ஒன்றரைக்குக் குழு வகுப்பு. பாலர் பள்ளி நாட்களில் அவள் தூங்கும் நேரம் அது, காலில் புதுசாக ஒன்றரை கிலோ கனம், கையுறை ஏற்கனவே ஈரம். வகுப்பில் எட்டுப் பிள்ளைகள். முதல் அரை மணி நேரம் சமதளத்தில் பக்கவாட்டில் நடப்பது, விழுவது, எழுவது. அப்புறம் ஏ-ஜா. ஏ எழுத்து வடிவம் என்று அர்த்தம், ஸ்கீ முனைகளை நெருக்கிப் பின்பக்கத்தை விரித்து வேகம் குறைப்பது. கொரியர்கள் எல்லாரும் இதை இப்படித்தான் சொல்வார்கள், நன்றாகப் பழகியவர்கள் இணையாக வைத்து ஓட்டுவதற்கு 11 எண் வடிவம் என்று பெயர். ஏ-ஜா வைக்க முழங்காலை முன்னால் மடக்க வேண்டும். முழங்காலை மடக்கினால் கணுக்காலுக்கு மேல் முன் எலும்பு பூட்ஸின் முன்சுவரில் போய் அழுந்தும். சின்னவள் மடக்கவே இல்லை. பின்னால் சாய்ந்தாள், சாய்ந்ததால் ஸ்கீ ஓடியது, விழுந்தாள். மறுபடி, மறுபடி. பயிற்சியாளர் "முழங்கால், முழங்கால்" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டே முக்காலுக்குப் படுத்துவிட்டாள்.

பெரியவன் கதை வேறு. முதல் மணி நேரத்திலேயே பிடித்துக்கொண்டு அப்பாவோடு லிஃப்டில் ஏறிவிட்டான். மேலிருந்து "அப்பா, அப்பா" என்று அவன் கத்த, வழியில் நின்ற நான்கைந்து ஆண்கள் ஒரே சமயத்தில் திரும்பினார்கள், கொரிய மொழியிலும் அப்பா அப்பாதானே. நல்ல நாள்தான் அவனுக்கு, இரண்டு விஷயம் தவிர. லிஃப்டில் உட்கார்ந்து ஒரு கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்தான், அது நழுவிக் கீழே காட்டில் விழுந்தது. மணிக்கட்டில் மாட்டும் கயிறு உள்ள கையுறையாக வாங்கியிருக்க வேண்டும். அப்புறம் நான்கு மணிக்கு வந்தவனின் கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மெழுகு போல வெளுத்த திட்டு. −14இல் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது −23 போல இருக்கும், கீழே இறங்கும் வேகமும் காற்றோடு சேரும். தேய்க்கக் கூடாது. உள்ளே கூட்டிப்போய் என் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டேன், பத்து நிமிடத்தில் சிவந்து உணர்ச்சி வந்தது. நேரம் ஆகியும் நிறம் திரும்பாவிட்டால் முதலுதவி அறைக்குத்தான் போக வேண்டும்.

அன்று மாலை ஹெங்க்யே ஊருக்குள் போய் ஹ்வாங்தே சூப் குடித்தோம். பொல்லாக் மீனைக் குளிர்காலம் முழுக்க மரச் சட்டங்களில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள், ராத்திரி உறைந்து பகலில் இளகி, மறுபடி உறைந்து, மாதக்கணக்கில் அப்படியே காய்ந்து மஞ்சளாகும். தேக்வல்யொங்கின் அந்தக் குளிரும் காற்றும்தான் அதற்குக் காரணம், பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துகிற அதே காற்று. சூப் பால் போல வெள்ளையாக, காரமே இல்லாமல் இருக்கும், பிள்ளைகள் சோற்றைப் போட்டுக் குழைத்துச் சாப்பிடுவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும், ரிசார்ட் உணவுக்கூடத்தில் காய்கறி சூப் போலத் தெரிவதிலும் அடியில் நெத்திலி கொதித்திருக்கும். சமையலறை வைத்த அறை எடுத்து, அரிசி, பருப்பு, ஊறுகாய் கொண்டு போனால் கவலையில்லை. நான் மறுநாள் பிளாஸ்க் நிறைய மிளகு ரசம் எடுத்துப் போனேன், சரிவின் ஓரத்தில் நின்று குடித்த அந்த ஒரு டம்ளர் ரசம் எங்கள் நான்கு பேருக்கும் மறக்காது.

ஞாயிறு காலை

அறை ஒண்டொல் அறை, தரைக்கு அடியில் சூடு ஓடும், தரையிலேயே மெத்தை விரித்துப் படுப்பது. குளிரிலிருந்து வந்தவர்களுக்குச் சுகம், ஆனால் காற்று காய்ந்துபோகும். பெரியவனுக்கு ராத்திரி மூக்கில் லேசாக ரத்தம். கொரிய வீடுகளில் செய்வது போல ஒரு துண்டை நனைத்து உலர்த்தும் கம்பியில் போட்டதும் சரியாயிற்று.

காலை எட்டு மணிக்குச் சின்னவளுக்குத் தெர்மல் மாட்டினேன். வலது காலில் துணியை மேலே இழுத்தபோது வெடுக்கென்று காலை உதறினாள். மறுபடி இழுத்தேன், மறுபடி உதறினாள், முகம் சுருங்கியது. துணியை முழங்கால் வரை தூக்கிப் பார்த்தேன். முன் எலும்பின் மேல், பூட்ஸின் மேல்விளிம்பு வரும் இடத்தில், விரல் அகலத்துக்குச் சிவப்புப் பட்டை. அதில் தெர்மலின் அடிப்பட்டைப் பின்னல் வரி வரியாக அப்படியே அச்சாகியிருந்தது. பதினாறு மணி நேரம் கழித்தும் அழியவில்லை. இடது காலிலும் இருந்தது, கொஞ்சம் மங்கலாக.

"ஏண்டி சொல்லல, வலிச்சா சொல்லணும்ல?" என்றேன்.

"அப்பாதானே சொன்னாரு, பூட்ஸ் இறுக்கமாத்தான் இருக்கும், பொறுத்துக்கணும்னு" என்றாள்.

அவர் சொன்னது உண்மைதான். வரும் வழியில் காரில் சொன்னார், நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்றேன். பிள்ளை முரண்டு பிடிக்கக் கூடாதே என்று நல்லதுக்குச் சொன்ன வார்த்தை. அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள், ஒன்றேகால் மணி நேரம் பொறுத்தாள், அதற்கு மேல் முடியாதபோது வலி என்று சொல்ல வழி இல்லாமல் பிடிக்கவில்லை என்று சொன்னாள். அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

பூட்ஸைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனோம், அவளையும் கூட்டிக்கொண்டு. ஞாயிறு காலை கூட்டம் இல்லை. அன்று கடையில் இருந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர். காலைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, ஸ்டூலைப் போட்டு அவள் முன்னால் உட்கார்ந்து ஒரு சாக்ஸைக் கழற்றினார், இன்னொன்றையும் கழற்றினார், அளவுப் பலகையில் வெறுங்காலை வைத்தார். 178. என்னைப் பார்த்து ஒரு விரலை நீட்டி "யாங்மால் ஹானா, ஹானா" என்றார், சாக்ஸ் ஒன்றே ஒன்று. பிறகு பெரியவன் வழியாகச் சொன்னதையும், நாங்களே கேட்டுத் தெளிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், பிள்ளைக்குப் பூட்ஸ் மாட்டும்போது தெரிய வேண்டியது இதுதான்.

பூட்ஸுக்குள் போகவேண்டியது காலும் ஒரு நீளமான மெல்லிய சாக்ஸும் மட்டும். தெர்மலின் முனையை முழங்காலுக்குக் கீழே, பூட்ஸுக்கு மேலே மடித்து நிறுத்திவிட வேண்டும். ஸ்கீ பேன்ட்டின் உள்ளே ஒரு மீள்துணிப் பட்டை இருக்கும், அது பூட்ஸுக்கு வெளிப்பக்கம் வரும். இரண்டு சாக்ஸ் போட்டால் சூடு கூடாது, குறையும், இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து விரல் சில்லிட்டுப்போகும். பெரிய அளவு எடுப்பதும் உதவாது. பூட்ஸ் பெரிதானால் குதிகால் உள்ளே எழும்பும், அதை அடக்கக் கொக்கியை இன்னும் இறுக்குவோம், அந்த இறுக்கம் முழுக்க முன் எலும்பின் மேல் விழும், அங்கே தெர்மலின் மடிப்பு இருந்தால் கத்தி முனை மாதிரி. எழுந்து நேராக நிற்கும்போது கட்டைவிரல் முன்னால் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் பின்னால் விலக வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. பூட்ஸுக்குள் ஹாட் பேக் (காற்றுப் பட்டதும் தானே சூடாகும் சின்னப் பொட்டலம்) வைப்பதும் வேண்டாம், இடத்தை அடைத்துக்கொள்ளும், காற்றில்லாமல் அது சரியாகச் சூடேறாது. ஹாட் பேக் சட்டைப் பைக்கு நல்லது, அதையும் வெறும் தோலில் வைக்கக் கூடாது, மெதுவாகச் சுட்டுவிடும்.

180 பூட்ஸ் கொடுத்தார். ஒரே சாக்ஸ். கடைக்குள் கம்பளத்தின் மேல் பத்து நிமிடம் அவளை நடக்கவிட்டார். அவள் அப்பா எதிரே குந்தி உட்கார்ந்து, "வலிச்சா உடனே சொல்லணும், பொறுத்துக்கவே கூடாது, அப்பா அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். அவள் நடந்துகொண்டே, முழங்காலை மடக்கி நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே, "இங்க வலிக்குது, ஆனா அது நேத்து வலி" என்றாள். பட்டை இருந்த இடத்தில் மெல்லிய பஞ்சு ஒட்டு ஒன்றை வைத்துவிட்டோம்.

குழு வகுப்பு வேண்டாம் என்று தனி வகுப்பு, ஒரே ஒரு மணி நேரம், காலை பத்துக்கு. பயிற்சியாளர் ஒரு இளம்பெண். அவள் முன்னால் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டி "ஏ-ஜா, ஏ-ஜா" என்று கூப்பிட, சின்னவள் முழங்காலை மடக்கினாள். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒரு மடக்கல்தான் சனிக்கிழமை முழுக்க வராமல் இருந்தது. நகரும் தளத்தில் ஆறு முறை ஏறி இறங்கினாள். ஆறாவது முறை கீழே வேலிக்கு முன்னால் யாரும் பிடிக்காமல் தானாகவே நின்று, நின்றுவிட்டேன் என்று தனக்கே தெரிய ஒரு நொடி ஆகி, அப்புறம் எங்களைத் தேடித் திரும்பினாள்.

மற்றவை, சுருக்கமாக

தொடக்கநிலைச் சரிவில் உயரத்தைவிடப் பெரிய ஆபத்து மற்ற தொடக்கநிலையினர். நிறுத்தத் தெரியாதவர்கள் நேராக வருவார்கள், சனிக்கிழமை மதியம் கூட்டத்தில் நாங்களே இரண்டு மோதலைப் பார்த்தோம். விழுந்தால் ஓரத்துக்குப் போய் எழ வேண்டும், நடுவில் உட்காரக் கூடாது, இதைப் பிள்ளைகளுக்கு அறையிலேயே சொல்லிவிட வேண்டும். பிரிந்துபோனால் எங்கே நிற்பது என்று ஓர் இடத்தைக் காலையில் காட்டிவிடுங்கள்.

தோளில் மாட்டும் பட்டை வைத்த ஸ்கீ பேன்ட்டில் பிள்ளை "ஒண்ணுக்கு வருது" என்று சொல்வதற்கும் கழிப்பறையில் உட்காருவதற்கும் இடையில் குறைந்தது ஏழெட்டு நிமிடம் போகும், ஈரத் தரையில் ஸ்கீ பூட்ஸ் வழுக்கும். வகுப்புக்கு முன்னால் கட்டாயம் ஒருமுறை போய்விட வேண்டும். அதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். காய்ந்த குளிரில் தாகம் தெரியாமலே உடம்பு வற்றும், பிள்ளை சிடுசிடுப்பாகும். பார்லித் தண்ணீர் கடைகளில் கிடைக்கும். முகத்துக்கு வெயில் களிம்பு அவசியம், புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று விட்டதில் எனக்கே மூக்குத் தோல் உரிந்தது.

டிக்கெட் பெரும்பாலும் மணிக்கணக்கில் தருவார்கள். மாலையில் சரிவைச் சீர்செய்ய லிஃப்டை நிறுத்தும் நேரம் ஒன்று உண்டு, அதற்கு ஒரு மணி முன்னால் நான்கு மணி நேர டிக்கெட் எடுத்துவிட்டுத் திகைக்கும் குடும்பங்களைப் பார்த்தேன். சின்னப் பிள்ளைக்குக் காலை இரண்டு மணி நேரம் போதும். ராத்திரிச் சறுக்கு விளக்கொளியில் அழகாக இருக்கும், அதைச் சூடான அறையின் ஜன்னலிலிருந்து பார்க்கலாம்.

ஞாயிறு மதியம் இரண்டரைக்குக் கிளம்பினால் யொங்தொங் நெடுஞ்சாலையில் சியோல் பக்கம் போகும் கார் எல்லாம் உங்களோடுதான் வரும். எங்களுக்கு நான்கரை மணி நேரம் ஆயிற்று. திங்கள் காலை திரும்ப முடிந்தவர்கள் அப்படிச் செய்யுங்கள்.

கிளம்புமுன் பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனபோது அந்தப் பெரியவர் சின்னவளை உட்காரவைத்துக் காலை மறுபடி பார்த்தார். புதிதாக ஒன்றும் இல்லை. அலமாரியிலிருந்து ஒரு குளிர்ந்த மாண்டரின் ஆரஞ்சை எடுத்து அவள் கையில் கொடுத்தார். காரில் ஏறி அதை உரித்துக்கொண்டே, அடுத்த வருஷமும் வரலாமா என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே, "அம்மா, என் பூட்ஸ் நூத்தி எண்பது, மறந்துராத" என்றாள். அடுத்த ஜனவரிக்குள் கால் வளர்ந்திருக்கும். வெறுங்காலைப் பலகையில் வைத்து அளந்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமை ராத்திரியே.